கோவைக்கு லாரி முனையம்: தனியாரோடு சேர்ந்து கட்டினால் வண்டி வந்து நிற்குமா?

சிங்காநல்லூர்க்காரன்

வணக்கமுங்க. எங்கள் பகுதி நலச்சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து மாநகராட்சிக்கு ஒரு மனு தயார் செய்கிறோம். விஷயம் லாரி. ராத்திரி ஆனால் திருச்சி ரோட்டின் ஓரம், சர்வீஸ் ரோடு, காலி மனை எல்லாமே லாரிப்பேட்டைதான். பின்விளக்கு எரியாமல் நிற்கும் வண்டியில் பைக் போய்ச் செருகுவது இந்த ஊரில் புதிதில்லை. உக்கடத்தில் இருக்கிற லாரிப்பேட்டை ஊர் வளர்ந்ததில் நடுவில் சிக்கிக்கொண்டது.

எங்கள் யோசனை இதுதான். ஊருக்கு வெளியே 25 ஏக்கரில் ஒரு முனையம். நிலம் அரசுடையது, கட்டி நடத்துவது தனியார், 30 வருஷம் கழித்து மாநகராட்சியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கையில் காசு இல்லை என்ற பதிலை முதலிலேயே அடைத்துவிடலாம் என்பதால்தான் தனியார். இடம் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ஒருவர் நீலாம்பூர் என்கிறார், இன்னொருவர் வெள்ளலூர் என்கிறார். தொழிலில் இருப்பவர்களும் இந்த மாதிரி ஒப்பந்தங்களைப் பார்த்தவர்களும் சொல்லுங்கள்.

பத்து டயர் (சங்ககிரி)

லாரிக்காரன் ரோட்டோரம் நிற்பது ஆசைப்பட்டு இல்லீங்க. வடக்கே இருந்து லோடு ஏற்றி வந்தால் விடியக்காலம் ஊரைத் தொடுவோம். கம்பெனி கேட் திறக்க ஒன்பது ஆகும். அதற்குள் நோ என்ட்ரி நேரம் ஆரம்பித்துவிடும். எங்கே போய் நிற்பது? இறக்கி முடித்தால் அப்புறம் ரிட்டன் லோடு, அதாவது திரும்பிப் போகும்போது ஏற்றுகிற சரக்கு. அதுதான் பெரிய காத்திருப்பு. லோடு பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸ் ஊருக்குள் இருக்கிறது, நான் அதற்குப் பக்கத்தில் எங்காவது நிற்கிறேன். கூப்பிட்ட உடனே போகாவிட்டால் அடுத்த வண்டிக்கு லோடு போய்விடும்.

நீங்கள் 25 ஏக்கரில் பளபளவென்று கட்டி வைத்து, லோடு மட்டும் ஊருக்குள் ரங்கேகவுடர் வீதியிலேயே பேசிக்கொண்டிருந்தால் நான் வரமாட்டேன். என் மாதிரி ஒற்றை வண்டி வைத்திருக்கிற எவனும் வரமாட்டான். லோடு எங்கேயோ அங்கேதான் லாரி.

காசு கொடுக்க மாட்டோம் என்று நினைக்காதீர்கள். குளிக்கத் தண்ணி, கதவு சாத்துகிற கக்கூஸ், டீசல் டேங்கையும் ஸ்டெப்னியையும் திருடாத காவல், இது மூன்றும் இருந்தால் ஒரு ராத்திரிக்கு 150 ரூபாய் யாரும் கொடுப்பார்கள். வடக்கே ஒரு பார்க்கிங்கில் உள்ளே நுழைய ரசீது போட்டுவிட்டு, கக்கூசுக்குப் பூட்டுப் போட்டு, சாவி கேட்டால் அதற்குத் தனிக் காசு வாங்கினார்கள். அந்த மாதிரி என்றால் ரோட்டோரமே மேல்.

ரங்கேகவுடர் வீதி

மேலே நம் தெருவையே சொல்லிவிட்டதால் வந்தேன். புக்கிங் ஆபீஸ்காரன்தான். எங்களை ஊருக்கு வெளியே போகச் சொல்வது சுலபம். ஆனால் முழு லோடு ஏற்றுகிறவன் போனில் பேசிவிடுவான். பாதி லோடு, கால் லோடு போடுகிற கடைக்காரன்தான் எங்கள் பொழப்பு. பம்பு செட் நாலு பெட்டி, கிரைண்டர் பத்து, நூல் மூட்டை கொஞ்சம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வண்டி நிரப்புகிறோம். அவன் சரக்கைத் தள்ளுவண்டியிலோ ஆட்டோவிலோ கொண்டுவந்து போட்டுவிட்டு எல்.ஆர். என்கிற லாரி ரசீதை வாங்கிக்கொண்டு போகிறான். ஆபீஸ் நீலாம்பூருக்குப் போனால் அவனுக்கு டெம்போ வாடகை கூடுதல். அவன் கூடுதல் செலவை யார் தலையில் வைப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. இப்போது லோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறோம், ஆபீஸ் எதற்கு என்று கேட்பார்கள். அட்வான்ஸ் கொடுப்பதும் பேலன்ஸ் வாங்குவதும் சரக்கு குறைந்தால் பஞ்சாயத்து பேசுவதும் முகம் பார்த்துத்தான் நடக்கிறது.

மேட்டுப்பாளையம் மண்டி

உருளைக்கிழங்கு வண்டி எல்லாம் நேராக மண்டிக்குத்தான் வரும், அங்கேயே நிற்கும். எங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒப்பந்தக் கணக்கு

மண்டிக்காரர் ஒரு வரியில் சொன்னதை ஆலோசனை நிறுவனங்கள் பல நேரம் கோட்டை விடுகின்றன. ஊருக்குள் வரும் லாரி எல்லாம் முனையத்துக்கு வரும் லாரி இல்லை. ஆலை கேட்டில் நேராக இறக்கிவிட்டுத் திரும்புவது, மண்டிக்குப் போவது, திருப்பூரில் பனியன் ஏற்றி நேராகத் தூத்துக்குடி துறைமுகம் போகும் கன்டெய்னர், சும்மா கடந்து கேரளா போவது, இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது ரிட்டன் லோடுக்குக் காத்திருக்கும் வண்டியும் பார்சல் வண்டியும்தான். 2017 ஜூலைக்கு முந்தைய கணக்கெடுப்பு எதையாவது யாராவது நீட்டினால் ஓரமாக வையுங்கள். ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட் வரிசை நம் ஊர்ப் பக்கம் வரை வண்டிகளைத் தேக்கி வைத்திருந்தது. இன்றைக்கு அந்தத் தேக்கம் இல்லை.

சரி, பணத்துக்கு வருவோம். 25 ஏக்கரில் பாதிதான் வண்டி நிறுத்தக் கிடைக்கும். பத்து டயர் வண்டிக்கு 3.75 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம் என்றால் 45 சதுர மீட்டர். வர, திரும்ப, வெளியேறப் பாதையைச் சேர்த்தால் வண்டிக்கு 100 சதுர மீட்டர் ஆகிவிடும். பன்னிரண்டரை ஏக்கர் என்பது சுமார் 50,000 சதுர மீட்டர். ஆக 500 வண்டி. பத்து டயர் அண்ணன் சொன்ன 150 ரூபாயையே எடுத்துக்கொண்டு, வருஷம் முழுக்க 70 சதவீதம் நிறைகிறது என்று தாராளமாக வைப்போம். நாளைக்கு 52,500. வருஷத்துக்கு 1 கோடியே 92 லட்சம்.

கட்ட 60 கோடி, வட்டி 10 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மட்டும் 6 கோடி. நிறுத்தக் கட்டணத்தில் வட்டியில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. கூலி, கரண்டு, தண்ணி, காவல் எல்லாம் இதற்கு மேல்.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மத்திய அரசின் பற்றாக்குறை நிதித் திட்டம் இருக்கிறது. தகுதி பெறும் திட்டத்துக்குச் செலவில் 20 சதவீதம் வரை மத்திய அரசு தரும், திட்டத்தை நடத்தும் அரசு அமைப்பு இன்னொரு 20 சதவீதம் வரை தரலாம். முழுசாகக் கிடைத்தாலே 24 கோடிதான். மிச்சம் 36 கோடிக்கு வட்டி 3.6 கோடி. அப்போதும் பார்க்கிங் காசு போதாது.

எனவே தனியார் கண் எங்கே போகும்? குடோனுக்கு. இரண்டு லட்சம் சதுர அடி குடோன் கட்டி அடிக்கு மாதம் 18 ரூபாய் வாடகை வந்தால் வருஷத்துக்கு 4 கோடியே 32 லட்சம். அதற்கு வேண்டிய இடம் ஐந்து ஏக்கருக்கும் குறைவு. கூடவே பெட்ரோல் பங்க், ஹோட்டல், ரோட்டைப் பார்த்த கடைகள். இதில்தான் திட்டம் உயிர் பிழைக்கிறது, இதில்தான் கெட்டும் போகிறது. ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இல்லாவிட்டால் முதல் வருஷமே குடோனும் கடையும் எழும்பிவிடும். நிறுத்துமிடம் மண் தரையாகவே கிடக்கும். டெண்டர் எடுக்கும் வரை லாரி பேச்சு, அப்புறம் லாரிக்காரன் கறிவேப்பிலை.

சிங்காநல்லூர்க்காரன்

குடோன் வருமானத்தில் பார்க்கிங் ஓடுகிறது என்றால் அதில் என்ன தப்பு? கோவைக்கு மத்திய அரசின் சரக்குப் பூங்கா வேறு வரப்போவதாகச் சொல்கிறார்களே, அது வந்தால் இது தேவையே இல்லையா?

ஒப்பந்தக் கணக்கு

தப்பில்லை, வரிசைதான் முக்கியம். நிறுத்துமிடம், கழிப்பறை, ஓய்வறை, எடைமேடை முடிந்து சான்று வாங்கிய பிறகுதான் குடோனை வாடகைக்கு விடலாம் என்று ஒரு ஷரத்து போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நீங்கள் சொல்கிற பூங்கா, மத்திய அரசின் பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தில் அறிவித்த 35 இடங்களில் ஒன்று. சென்னைப் பக்கம் மப்பேட்டில் 184 ஏக்கரில் வருவதும் அந்த வரிசையில்தான். 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள், அதுவும் தனியார் கூட்டுதான். ஆனால் அந்தப் பூங்கா ரயில், கன்டெய்னர், பெரிய கம்பெனி குடோன் என்று வேறு கணக்கு. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல்லில் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர் அங்கே போய் ரிட்டன் லோடு தேட மாட்டார். குடோன் வாடகைக்கு மட்டும் இரண்டும் போட்டி போடும். முனையம் எடுப்பவர் அதைக் காட்டி, பக்கத்தில் வேறு வசதியே வரக் கூடாது என்று ஷரத்து கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடக் கூடாது. நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் நமக்கு முன்னால் இருக்கிறது. 28 கிலோமீட்டர், இரண்டு வழி, தனியார் கட்டிச் சுங்கம் வாங்கும் முறையில் நாட்டிலேயே ஆரம்ப காலத்தில் வந்த சாலைகளில் ஒன்று. வண்டி பல மடங்கு பெருகின பிறகும் அதை அகலப்படுத்துவது எத்தனை வருஷம் பேச்சாகவே இருந்தது என்பதை இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிற எவரும் சொல்வார். கூட்டம் கூடினால் யார் விரிவாக்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால், எத்தனை மாதத்தில் என்பதை முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

ரிட்டயர்டு ரோடு

நெடுஞ்சாலையில் வேலை பார்த்தவன். கணக்கை அவர் பார்த்துக்கொள்ளட்டும், தரையைப் பற்றிச் சொல்கிறேன். இந்த மாதிரி இடங்களில் பணம் வீணாவது தரையில்தான்.

முதலில் கேட். வரைபடத்தில் எல்லோரும் கேட்டை ரோட்டோரமே போடுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். ரசீது போட ஒரு வண்டிக்கு ஒரு நிமிஷம் ஆனால் பின்னால் எட்டு வண்டி நெடுஞ்சாலையில் நிற்கும். எந்த விபத்தைத் தடுக்க முனையம் கட்டினீர்களோ அதை நீங்களே வாசலில் வைத்த மாதிரி ஆகும். கேட் குறைந்தது பத்துப் பதினைந்து வண்டி நீளம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். எடைமேடை கேட்டிலேயே வேண்டாம், தனித் தடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது வளைவு. ட்ரெய்லரின் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கார் பார்க்கிங் போட்டுப் பழகியவர்கள் போடும் மூலையில் முதல் வாரமே கர்ப்ஸ்டோன் பெயர்ந்துவிடும், அடுத்த மாதம் மூலைக் கடையின் படிக்கட்டு. வண்டிகளைச் சாய்வாக நிறுத்தி, முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறும்படி செய்தால் ரிவர்ஸ் எடுக்கிற வேலையே இல்லை. இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், பரவாயில்லை.

மூன்றாவது தளம். தார் போடாதீர்கள். லாரி நிற்கிற இடத்தில் டீசலும் ஆயிலும் சொட்டாமல் இருக்காது, டீசல் பட்டால் தார் இளகிவிடும். பேவர் பிளாக் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பிடுங்கிக்கொள்ளும். 2018ல் அச்சு எடை வரம்பைக் கூட்டினார்கள். மூன்று அச்சு வண்டிக்கு 25 டன்னாக இருந்தது 28.5 டன் ஆனது. பழைய எஸ்டிமேட்டை எடுத்துத் தேதி மாற்றினால் அந்தத் தளம் தாங்காது. கான்கிரீட்தான். பட்டறைப் பக்கம் மழைத்தண்ணி வடிகாலில் ஆயில் பிரிக்கும் தொட்டி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் போய்ச் சேருவது நொய்யலில்.

இடம் பற்றி. வெள்ளலூர் வேண்டாம் என்பேன். 650 ஏக்கர் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கு என்று ஒரு டிரைவரிடம் சொல்ல முடியாது. 2020ல் ஆரம்பித்துப் பாதியில் நின்ற பஸ் ஸ்டாண்டும் அங்கேதான் நிற்கிறது. மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நீலாம்பூரில் சேலம்–கொச்சி ரோடும் பைபாஸும் சேர்கின்றன. வடக்கே, கிழக்கே இருந்து வருவதற்கு அதுதான் வாசல். நிலம் விலைதான் உதைக்கும்.

அன்னூர்க் காடு

நிலம் என்றதும் எட்டிப் பார்த்தேன். தொழிற்பேட்டை என்று சொல்லி எங்கள் பக்கம் விவசாயக் காட்டைக் கேட்டபோது நாங்கள் ரோட்டுக்கு வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். எனவே மனுவில் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதுங்கள்.

2013 நில எடுப்புச் சட்டப்படி அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். தனியார் கம்பெனிக்கு என்றால் 80. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்தேவைக்கு நிலம் எடுக்க 1997ல் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. அதை 2019ல் மறுபடி உயிர்ப்பித்தார்கள், 2021ல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த வழியில் வந்தால் இந்தச் சம்மதப் பேச்சு கிடையாது. நீங்கள் 'பொருத்தமான நிலம்' என்று பொதுவாக எழுதிவைத்தால் நாளைக்கு ஒருவனுடைய தோட்டமும் கிணறும் அதில் வந்து நிற்கும்.

புறம்போக்கு என்று எழுதினாலும் போதாது. மேய்க்கால் புறம்போக்கு ஆட்டுக்காரனுடைய பொழப்பு, ஓடைப் புறம்போக்கு தண்ணி போகிற வழி. இரண்டும் வேண்டாம் என்று எழுதுங்கள். மூடிக் கிடக்கிற மில் இடங்கள் இருக்கின்றனவே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

ரிட்டயர்டு ரோடு

மில் இடம் நல்ல யோசனை. ஆனால் பெரும்பாலானவை ஊருக்குள் வந்துவிட்டன, பிளாட் போட்டால் கிடைக்கும் விலைக்கு லாரி பேட்டை ஈடு கொடுக்காது. பைபாஸை ஒட்டி இருப்பது ஒன்றிரண்டு தேறலாம்.

ஒப்பந்தக் கணக்கு

ரங்கேகவுடர் வீதி அண்ணன் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் எல்லோரும் நிலத்துக்குப் போய்விட்டோம். திட்டத்தின் உயிர் அவர் கையில் இருக்கிறது. புக்கிங் ஆபீஸ் வராவிட்டால் வண்டி வராது, வண்டி வராவிட்டால் கட்டினவர் குடோன்காரர் ஆகிவிடுவார்.

கோயம்பேட்டைப் பாருங்கள். கொத்தவால்சாவடியில் இருந்து காய்கறி மொத்த வியாபாரம் 1996ல் அங்கே போனது. புது மார்க்கெட்டில் கடை ஒதுக்கினார்கள், இன்னின்ன சரக்கின் மொத்த வியாபாரம் இன்ன இடத்தில்தான் என்று அதே வருஷம் தனிச் சட்டமே போட்டார்கள். இழுப்பும் இருந்தது, தள்ளலும் இருந்தது. சென்னை மாதவரம் லாரி முனையம், டெல்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர், எல்லாம் அரசு முன்னால் நின்று செய்தவை. பெங்களூரில் லாரி முனையத்துக்கென்றே மாநில அரசு ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. இடம் மாறச் சொல்லும் அதிகாரம் தனியாரிடம் இல்லை, மாநகராட்சியிடம்தான் இருக்கிறது. நம் ஊர் ஒப்பந்தங்களில் தனியார் செய்ய வேண்டியது ஐம்பது பக்கம் இருக்கும், மாநகராட்சி செய்ய வேண்டியது அரைப் பக்கம்.

ரங்கேகவுடர் வீதி

கோயம்பேட்டில் கடையைச் சொந்தமாகவே எழுதிக் கொடுத்தார்கள், அதனால் போனார்கள். இங்கே 30 வருஷ ஒப்பந்தம் என்கிறீர்கள். தனியாரிடம் நான் உள்வாடகை. ஐந்தாம் வருஷம் அவர் வாடகையை இரட்டிப்பாக்கினால் நான் எங்கே போவேன்? ஊருக்குள் இருந்த ஆபீஸையும் விட்டிருப்பேன். இது தெரியாமல் எங்கள் சங்கத்தில் ஒரு ஆள் கூடக் கையெழுத்துப் போட மாட்டார்.

ஒப்பந்தக் கணக்கு

நியாயம். என்றால் புக்கிங் ஆபீஸ் வரிசையைத் தனியார் கையில் கொடுக்கவே கூடாது. அந்த மூன்று நாலு ஏக்கரை ஒப்பந்தத்துக்கு வெளியே வைத்து, இப்போது தொழில் செய்கிறவர்களுக்கு மாநகராட்சியே நேரடியாக நீண்ட குத்தகைக்கு ஒதுக்கட்டும். ஒதுக்கி முடித்த பிறகு ஊருக்குள் லாரி புக்கிங்குக்குப் புதுத் தொழில் உரிமம் நிறுத்தட்டும். சில்லறைச் சரக்குக்கு ஊருக்குள் சின்ன வசூல் மையம் நாலு இடத்தில் அனுமதிக்கட்டும், ராத்திரி சின்ன வண்டியில் முனையத்துக்குப் போய்விடும். கடைக்காரனுக்கு டெம்போ வாடகை மிச்சம். இதையெல்லாம் கட்டுமானம் முடிவதற்குள் மாநகராட்சி செய்யாவிட்டால் தனியார் தர வேண்டிய வருவாய்ப் பங்கு தள்ளுபடி என்று எழுதினால், அதிகாரிகளுக்கும் ஒரு பயம் இருக்கும்.

டெண்டர் எடுப்பவருக்கும் இது லாபம். வண்டி வருமா வராதா என்பது அவர் கையில் இல்லாத அபாயம். அதை அவர் தலையில் வைத்தால் ஒன்று யாரும் வரமாட்டார்கள், அல்லது இடத்தின் மேல் கண் வைத்தவர் மட்டும் வருவார்.

ரங்கேகவுடர் வீதி

நேரடி ஒதுக்கீடு, ஊருக்குள் வசூல் மையம் இரண்டும் எழுத்தில் வந்தால் சங்கத்தில் பேசிப் பார்க்கலாம். வாக்குறுதி இல்லை, பேசிப் பார்க்கலாம்.

பத்து டயர் (சங்ககிரி)

கட்டண விஷயத்தில் ஒன்று. முதல் இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். கேட்டுக்குள் நுழைந்து லோடு விசாரிக்கவே காசு என்றால் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்து உள்ளே வருவோம், மறுபடி ரோடு அடைபடும். அப்புறம் படுக்கிற இடம் தனியாக வேண்டும். கேபினில் படுத்தால் வெயில் காலத்தில் வேகிறது, ஏ.சி. கேபின் புது வண்டிக்குத்தான், என் வண்டி பழசு. மோட்டார் தொழிலாளர் சட்டத்தில் ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 1961லேயே எழுதிவைத்தார்கள், ஆனால் படுக்க இடம்தான் கிடைக்கவில்லை.

சிங்காநல்லூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றிங்க. மனுவை மாற்றி எழுதுகிறோம். 25 ஏக்கர், 30 வருஷம் இரண்டையும் எடுத்துவிட்டு, முதலில் ரிட்டன் லோடுக்கு நிற்கும் வண்டி எத்தனை என்று கணக்கெடுங்கள், புக்கிங் ஆபீஸ்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறோம். எங்கள் ஆட்களே ஒரு ராத்திரி நின்று எண்ணிப் பார்த்து அதையும் இணைக்கலாமா? வரும் ஞாயிறு ராத்திரி வசதிப்படும்.

பத்து டயர் (சங்ககிரி)

ஞாயிறு வேண்டாங்க. அன்றைக்குக் கம்பெனி லீவு, ஏற்று இறக்கு இல்லாமல் நிற்கிற வண்டி எல்லாம் சேர்ந்து எண்ணிக்கை ஏறிவிடும். அதைக் காட்டினால் அதிகாரி முதல் கேள்வியிலேயே மடக்குவார். செவ்வாய் அல்லது புதன் வாங்க. ராத்திரி பத்துக்கு ஒரு தடவை, விடியக்காலம் நாலுக்கு ஒரு தடவை எண்ணுங்கள். தார்ப்பாய் கட்டியிருந்தால் லோடு வண்டி, அவிழ்த்து மடித்து வைத்திருந்தால் காலி வண்டி, தனித்தனியாக எழுதுங்கள். டேங்கரைச் சேர்க்காதீர்கள்.

ரங்கேகவுடர் வீதி

புதன் என்றால் நம் ஆபீஸ் பையன் ஒருத்தனை அனுப்புகிறேன். எந்த வண்டி எந்த ஆபீஸுக்குக் காத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். டீ செலவு மட்டும் உங்களுடையது.